சிறைச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் சீரமைப்பு நீதியா?

பிப்ரவரி 3 – ஒரு வாசகரின் கேள்வி

ஒரு கைதியை வருஷக்கணக்கில் உள்ளே வைத்திருக்க ஆகும் பணத்தில் ஒரு பிள்ளையைக் கல்லூரி முடிக்கும்வரை படிக்க வைத்துவிடலாம். வெளியே வந்தவன் மறுபடியும் அதையேதான் செய்கிறான். அதற்குப் பதில், சீரமைப்பு நீதி என்கிறார்களே, அதன்படி செய்தவனையும் பாதிக்கப்பட்டவரையும் உட்கார வைத்துப் பேசி, நஷ்டத்தைக் கட்ட வைத்து அனுப்பினால் செலவும் மிச்சம், எல்லோருக்கும் நிம்மதி. ஏன் எந்த அரசும் இதை முழுமூச்சாகச் செய்வதில்லை? இல்லை, இது பெயர் மாற்றி வந்த கட்டப் பஞ்சாயத்துதானா?

பிப்ரவரி 3, இரவு

பணத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் ஒரு கைதிக்கு ஆண்டுக்கு 1,30,000 டாலருக்கு மேல் செலவாகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் ஓர் ஆளுக்குச் சுமார் 50,000 பவுண்டு. உலகம் முழுக்க 1.1 கோடிப் பேருக்கு மேல் சிறையில் இருக்கிறார்கள்.

ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்பது சராசரி. மொத்தச் செலவை ஆள் எண்ணிக்கையால் வகுத்து வந்த தொகை. அதில் பெரும்பங்கு காவலர் சம்பளம், கட்டடம், மருத்துவம். பத்துப் பேரை உள்ளே அனுப்பாமல் விட்டால் பத்துச் சராசரி மிச்சமாகிவிடாது. பத்துப் பேரின் சாப்பாடும் சோப்பும் துணியும்தான் மிச்சம். ஒரு பிளாக்கையே பூட்டும் அளவுக்கு ஆள் குறைந்தால்தான் சம்பளப் பட்டியல் சுருங்கும். நெதர்லாந்தில் அது நடந்தது. கைதிகள் குறைந்து சிறைகள் காலியாக, பலவற்றை மூடினார்கள். 2010ல் ஒன்றைப் பெல்ஜியத்துக்கும், 2015ல் இன்னொன்றை நார்வேக்கும் வாடகைக்கே விட்டார்கள். அதற்குக் காரணங்கள் பல. சீரமைப்பு நீதியின் கணக்கில் மட்டும் அதை எழுதிவிட முடியாது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சீரமைப்பு நீதியின் ஆதரவாளன். அதை மலிவு விலைச் சிறையாக விற்பதை எதிர்ப்பவன். செலவைக் குறைக்கவென்று தொடங்கும் திட்டத்தில் முதலில் வெட்டு விழுவது பாதிக்கப்பட்டவருக்காக ஒதுக்கிய நேரத்தில்தான்.

கட்டப் பஞ்சாயத்து பற்றி நாளை.

பிப்ரவரி 4

செல்வாக்குள்ள ஒருவர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, ஒரு தொகையைச் சொல்லி, 'இத்தோடு விட்டுவிடு' என்று முடித்து வைக்கிறார். பலவீனமானவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்து அழுகிறார். இதைப் பார்த்தவர்களுக்குச் சீரமைப்பு நீதி என்றதும் சந்தேகம் வருவது நியாயம்தான்.

அங்கே யார் செய்தது என்பதே பேரம். இங்கே செய்தவர் 'நான்தான் செய்தேன்' என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எதுவுமே தொடங்கும். மறுக்கிறாரா, சரி, வழக்கு நேரே நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வர மறுத்தால் பகை. இங்கே இருவரில் யார் வேண்டுமானாலும் எந்த நிமிடத்திலும் எழுந்து போகலாம். அங்கே நடுவில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதுதான் தீர்ப்பு. இங்கே கூட்டத்தை நடத்துபவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே கிடையாது. யாருக்கு என்ன இழப்பு, அவருக்கு இப்போது என்ன தேவை, அதைச் செய்யும் கடமை யாருடையது என்று இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஹோவர்ட் செர் முன்வைத்த கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக எல்லோரும் பேச வழிசெய்வதோடு அவர் வேலை முடிகிறது.

ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றம் 2002ல் இதற்கு அடிப்படைக் கோட்பாடுகளை வகுத்தது. இரு தரப்பின் சுதந்திரமான சம்மதம் வேண்டும். சந்திப்புக்கு வந்ததையே குற்ற ஒப்புதலாகக் காட்டிப் பிறகு நீதிமன்றத்தில் பயன்படுத்தக் கூடாது. உடன்பாடு வரவில்லை என்பதற்காகத் தண்டனையைக் கூட்டக் கூடாது. இரு தரப்பின் பலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இந்தக் கடைசிக் கோட்பாட்டைக் கைவிட்டால் கட்டப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. 'சம்மதம்தானே?' என்று கேட்பவர் யார், எங்கே வைத்துக் கேட்கிறார், 'இல்லை' என்று சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் எந்தத் திட்டத்தையும் நம்ப வேண்டும்.

பிப்ரவரி 6

எங்கே தொடங்கியது என்று ஒருவர் கேட்டிருந்தார். பழைய வேர்கள் நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமும், கனடாவின் பூர்வகுடிகளிடமும், இன்னும் எத்தனையோ சமூகங்களிடமும் இருக்கின்றன. நவீன நீதிமன்றத்துக்குள் இது நுழைந்த கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகக் கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள எல்மைரா என்ற சிறு நகரத்தில் தொடங்குவார்கள். 1974, மே மாதம். குடித்திருந்த இரண்டு இளைஞர்கள் ஒரே ராத்திரியில் 22 பேரின் உடைமைகளை நாசம் செய்தார்கள். ஜன்னல் கண்ணாடி, கார் டயர் என்று கண்ணில் பட்டதையெல்லாம். நன்னடத்தை அதிகாரி மார்க் யான்சி, இவர்கள் நேரில் போய்ப் பாதிக்கப்பட்டவர்களைச் சந்தித்தால் என்ன என்று நீதிபதியிடம் யோசனை சொன்னார். அதற்குச் சட்டத்தில் முன்மாதிரி எதுவும் இல்லை. இருந்தும் நீதிபதி ஒப்புக்கொண்டார்.

இருவரும் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டினார்கள். எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அந்தப் பணத்தைக் கட்டி முடித்தார்கள். அவர்களில் ஒருவர் பல வருஷம் கழித்து இதே துறையில் தன்னார்வலராக வந்து, ஊர் ஊராகப் போய்த் தன் கதையைப் பேசினார்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது கதவுகளின் எண்ணிக்கைதான். நீதிமன்றத்தில் அது 22 குற்றச்சாட்டுகள் கொண்ட ஒரே வழக்கு. ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு தண்டனை. தெருவில் இறங்கி நடந்தால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் வேறு வேறு ஆள், வேறு வேறு பயம், வேறு வேறு கோபம்.

பிப்ரவரி 7

'உங்களுக்கு இதில் அப்படி என்ன அக்கறை?' என்று கேட்டவருக்கு.

என் சித்தப்பா மகன், இருபது வயதில், ஒரு வாய்த்தகராறில் ஒருவரைப் பிடித்துத் தள்ளினான். அவர் படிக்கட்டில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. தகடு வைத்தார்கள். அவர் தையல்காரர். மாதக்கணக்கில் மெஷினில் உட்கார முடியவில்லை.

தம்பி அவருக்கு ஒரு கடிதம் எழுதினான். கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கம், பாதி வரிகள் அடித்துத் திருத்தியவை. கை சரியாகும்வரை சம்பளத்தில் ஒரு பங்கைத் தருவதாக எழுதியிருந்தான். வக்கீல் அதைப் படித்தார், நான்காக மடித்தார், கேஸ் கட்டுக்குள் செருகினார். 'இப்போது இதைக் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வழக்கு முடியட்டும்' என்றார். அவருடைய தொழிலில் அது சரியான அறிவுரை. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

வழக்கு முடிய வருஷங்கள் ஆயின. தம்பிக்குச் சில மாதச் சிறையும் அபராதமும் விதித்தார்கள். அபராதம் அரசுக் கணக்குக்குப் போனது. தையல்காரர் சாட்சிக் கூண்டில் ஏறி, எந்தப் படி, எந்தக் கை, அப்போது வெளிச்சம் இருந்ததா என்றெல்லாம் பதில் சொன்னார். இத்தனை நாள் எப்படிப் பிழைத்தீர்கள் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. வெளியே வராந்தாவில் என்னை அடையாளம் கண்டு, 'ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி, உங்க ஆளு' என்றார். கடிதம் உள்ளே கேஸ் கட்டுக்குள் இருந்தது. எனக்கு அது தெரியும். என்னால் சொல்ல முடியவில்லை.

நார்வே குற்றவியலாளர் நீல்ஸ் கிறிஸ்டி 1977ல் எழுதிய ஒரு கட்டுரையில், மோதல் என்பது சம்பந்தப்பட்டவர்களின் சொத்து, அரசும் வக்கீல்களும் அதை அவர்களிடமிருந்து பறித்துக்கொள்கிறார்கள் என்று வாதிட்டார். இந்த வழக்கு நடந்தபோது நான் அவரைப் படித்ததில்லை. பிறகு படித்தபோது அந்த வராந்தாதான் கண்முன் வந்தது. இத்தகைய சந்திப்புகளை நடத்தும் தன்னார்வலர் பயிற்சிக்கு நான் போனதற்கும் அதுதான் காரணம்.

பிப்ரவரி 9

'மனம் மாறத் தயாராக இருப்பவன்தான் இதற்கே ஒப்புக்கொள்வான். அவன் எப்படியும் திருந்தியிருப்பான். அந்தப் பெருமையை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.'

இங்கே வந்ததில் இதுதான் வலுவான எதிர்வாதம். இதே சந்தேகத்தோடுதான் ஆய்வாளர்களும் இறங்கினார்கள். இரு தரப்பும் சந்திக்கச் சம்மதித்த வழக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சந்திப்பு, மறு பாதிக்கு வழக்கமான பாதை. இரண்டு குழுவிலும் இருப்பவர்கள் ஒப்புக்கொண்டவர்களே என்பதால் 'திருந்தத் தயாரானவன்' என்ற வாதம் அடிபட்டுப் போகிறது. ஹெதர் ஸ்ட்ராங், லாரன்ஸ் ஷெர்மன் உள்ளிட்டோர் இப்படிப்பட்ட 10 சோதனைகளை, 1,880 குற்றவாளிகளை உள்ளடக்கியவற்றை, 2013ல் தொகுத்து மதிப்பிட்டார்கள். மறுபடி குற்றம் செய்வது மிதமாகக் குறைந்திருந்தது. பிரமாதமான வீழ்ச்சி என்று சொல்ல முடியாது, ஆனால் குறைந்தது நிஜம். அதில் பிரிட்டனில் நடந்த ஏழு சோதனைகளில், தடுக்கப்பட்ட குற்றங்களின் மதிப்பு திட்டச் செலவைப் போல 3.7 முதல் 8.1 மடங்கு.

செலவுக் கட்சிக்காரர்கள் இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கொஞ்சம் நின்று, எந்தப் பணம் மிச்சமானது என்று பார்க்க வேண்டும். காலியான சிறை அறையால் வந்த மிச்சமில்லை இது. நடக்காமல் போன அடுத்த குற்றத்தால் வந்தது. அந்தச் சோதனைகளில் பலவற்றில் சந்திப்பு வழக்கமான தண்டனையோடு சேர்த்து நடந்தது. சிலவற்றில் குற்றவாளி ஏற்கெனவே சிறையில் இருந்தார். 'சிறைக்குப் பதிலாக' என்ற கோரிக்கைக்கு 'சிறையோடு சேர்த்து' நடந்ததன் ஆதாரத்தைக் காட்டினால், விவரம் தெரிந்த எதிராளி ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்.

அப்புறம், பலரும் எதிர்பார்க்காத முடிவு ஒன்று. சொத்துக் குற்றங்களைவிட வன்முறைக் குற்றங்களில்தான் இதன் பலன் கூடுதலாகத் தெரிகிறது. ஷெர்மனும் ஸ்ட்ராங்கும் 2007லேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். யோசித்தால் புரிகிறது. கடையில் சாக்லேட் திருடிய பையனுக்கும் கடை மேலாளருக்கும் நடுவே பேச என்ன இருக்கிறது? முகத்தில் குத்து வாங்கியவருக்குக் கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் அரசுகள் செய்வது நேர் எதிர். சுவரில் கிறுக்கியவன், சின்னத் திருட்டு என்று யாரும் கோபப்படாத வழக்குகளை மட்டும் இந்தப் பக்கம் தள்ளுகின்றன. அவர்களில் பலர் எப்படியும் சிறைக்குப் போயிருக்க மாட்டார்கள். போலீஸ் எச்சரித்து அனுப்பியிருக்கும். அப்படியானால் எந்தச் சிறைச் செலவு மிச்சம்? வலையை அகலமாக விரித்ததுதான் நடந்தது.

துணிந்து மறுபக்கம் போனவர்களும் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் 'காமன் ஜஸ்டிஸ்' என்ற அமைப்பு கொள்ளை, கத்திக்குத்து போன்ற கடும் வன்முறை வழக்குகளைச் சிறைக்குப் பதிலாகவே எடுக்கிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் மட்டும். அப்படிக் கேட்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சம்மதித்ததாக அதை நிறுவிய டேனியல் செரெட் சொல்கிறார். அவர்களுடைய காரணம் பெரும்பாலும் இரக்கம் இல்லையாம். அவன் இன்னொருவருக்கு இதைச் செய்யக் கூடாது, எது அதற்கு உதவுமோ அது வேண்டும் என்கிறார்களாம்.

பிப்ரவரி 10

நேற்றைய குறிப்போடு இதையும் படியுங்கள், இல்லாவிட்டால் அது விளம்பரமாகிவிடும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1995 முதல் 2000 வரை நான்கு வகை வழக்குகளில் இந்தச் சோதனை நடந்தது. இளைஞர் வன்முறையில் நல்ல பலன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களிடம் மறுகுற்றம் குறையவில்லை. அந்த வழக்குகளில் எதிரே உட்கார ஒரு பாதிக்கப்பட்டவரே இல்லை. சொத்துக் குற்றச் சோதனையில் இருந்த பூர்வகுடி இளைஞர்கள் மிகச் சிலர், ஆனால் அவர்களிடம் குற்றம் கூடியது. அந்தச் சந்திப்புகளை நடத்தியது காவல்துறை. காக்கியையோ நீலத்தையோ கண்டாலே உடல் விறைக்கும் சமூகத்தில் வளர்ந்த பையனுக்கு அந்தச் சந்திப்பு எப்படி இருந்திருக்கும்?

ஆக, தவறாக நடத்தினால் இது கெடுதலும் செய்யும்.

பிப்ரவரி 13

'ஏன் எந்த அரசும்' என்ற முதல் கேள்விக்கு: நியூசிலாந்து செய்தது. 1989ல் சிறுவர், இளையோர், குடும்பங்கள் சட்டம் வந்தது. கொலை போன்றவை நீங்கலாக, சிறார் செய்த கடுமையான குற்றங்களைக் குடும்பக் கூட்டத்துக்குக் கொண்டுவருவதை அந்தச் சட்டம் வழக்கமாக்கியது. பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர், காவல்துறை அதிகாரி, ஒருங்கிணைப்பாளர் எல்லோரும் ஒரே அறையில்.

அதில் ஒரு கட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். நடந்ததை எல்லோரும் பேசி முடித்ததும் மற்ற அனைவரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். குடும்பம் மட்டும் தனியாக உட்கார்ந்து, நாம் என்ன செய்யப் போகிறோம் என்று திட்டம் போடும். அத்தை திட்டலாம், தாத்தா அழலாம், பையனை யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று சண்டை வரலாம். அதெல்லாம் அதிகாரிகள் கண்ணில் படாமல் நடக்கும். பிறகு கதவைத் திறந்து, இதுதான் எங்கள் திட்டம் என்று பாதிக்கப்பட்டவர் முன்னால் வைப்பார்கள். ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989ல் எழுதியது இதோடு பொருந்துகிறது: ஆளை ஒதுக்கித் தள்ளும் அவமானம் குற்றத்தை வளர்க்கும், செயலைக் கண்டித்துவிட்டு ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால் குறைக்கும். பெற்ற தாயின் முகம் தொங்கிப்போவதைப் பார்ப்பதும், முன்பின் தெரியாத நீதிபதி திட்டுவதைக் கேட்பதும் ஒன்றாகுமா?

ஆனால் முழுப் படமும் வேண்டும். அதே நியூசிலாந்தில் மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு அளவுள்ள மாவோரிகள்தான் இன்றும் சிறையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல். இந்தச் சட்டத்துக்கு யோசனை தந்த மக்களே அவர்கள்தான். ஒரு நல்ல கூட்டமுறை வறுமையையும் போலீஸ் யாரைப் பிடிக்கிறது என்பதையும் மாற்றிவிடாது.

பிப்ரவரி 15

கொலை, இனப்படுகொலை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக இரண்டு நாடுகள்.

ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். வழக்கமான நீதிமன்றங்களால் நூறு வருஷம் ஆனாலும் முடிக்க முடியாத வழக்குகள். ககாச்சா என்ற மரபுவழிச் சபைகளைப் புது வடிவில் கொண்டுவந்தார்கள். 2002 முதல் 2012 வரை சுமார் 12,000 சபைகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை விசாரித்தன. பலருக்குத் தங்கள் பிள்ளைகளின் உடல் எங்கே புதைக்கப்பட்டது என்று தெரிந்ததே அங்கேதான். பழி தீர்க்கப் பொய்ப் புகார் கொடுத்ததும் அங்கேதான் நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. அந்தச் சபைகள் சிறைத் தண்டனையும் கொடுத்தன என்பதால் அதைக் கலப்பு முறை என்றுதான் சொல்வேன்.

தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் நான் சொல்லவரும் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில், நிறவெறி ஆட்சிக் காலத்தில் செய்ததை முழுமையாகச் சொல்பவருக்குப் பொதுமன்னிப்பு. 7,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. மன்னிப்புப் பெற்றவர்கள் 849 பேர். கிடைத்த அன்றே அவர்கள் சட்டப்படி விடுபட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வருஷம் ஆண்டுதோறும் உதவித்தொகை தர வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. 2003ல் அரசு அறிவித்தது ஒரே தடவையாக 30,000 ரேண்ட். வாயைத் திறந்து மகனின் கொலையைப் பற்றிப் பேசிய தாய்மார்கள் அதற்காகப் பல வருஷம் காத்திருந்தார்கள். குற்றவாளியின் கணக்கு உடனே நேரானது, பாதிக்கப்பட்டவரின் கணக்கு இழுத்தது. எந்த அளவில் நடந்தாலும், பட்ஜெட் இல்லாத சீரமைப்பு நீதிக்கு இந்த ஆபத்து உண்டு.

பிப்ரவரி 18

குடும்ப வன்முறைக்கு இது கூடாது. கணவன் பத்து வருஷமாக அடித்து, ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டு, பூவும் வாங்கி வந்திருக்கிறான். மன்னிப்புக் கேட்பதே அந்த வன்முறையின் ஒரு பகுதி. அந்த அறையில் அவன் கண்ணை ஒரு தடவை உயர்த்தினால் போதும், அவள் சம்மதம் என்று சொல்லிவிடுவாள். நடத்துபவருக்கு அது தெரியவே தெரியாது.

பிப்ரவரி 19

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பெண் எழுதியிருக்கிறார்: 'என் சார்பில் நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? வழக்குப் போட்டால் பிள்ளைகளின் அப்பா சிறைக்குப் போவார், வருமானம் நிற்கும், அவர் வீட்டார் என்னைத்தான் சொல்வார்கள். போடாவிட்டால் அடி. இந்த இரண்டைத் தவிர எனக்கு வேறு எதையும் யாரும் கொடுத்ததில்லை.'

இதை ராத்திரி முழுக்க யோசித்தேன். போலீசும் நீதிமன்றமும் 'சமாதானமாகப் போங்கள்' என்று அவரைத் திருப்பி அனுப்பும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது, அதில் நான் மாறவில்லை. ஆனால் 'கூடாது' என்ற என் ஒற்றைச் சொல்லைத் தளர்த்துகிறேன். அவராகக் கேட்டால், பாதுகாப்பு உத்தரவு கையில் இருந்தால், தனி வீடும் வருமானமும் முதலில் உறுதியானால், இதற்கென்றே பயின்றவர் நடத்தினால், அவர்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருந்தால். இத்தனை 'ஆல்'களும் செலவு பிடிப்பவை. சிறையைவிட மலிவாக இருக்க வேண்டும் என்ற கட்டளையோடு வரும் திட்டத்தில் இதில் எதுவும் இருக்காது.

பிப்ரவரி 22

சந்திப்புக்கு முன்னால் தயாரிப்பு வேண்டும் என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். யாருடைய விவரமும் வராமல் சொல்கிறேன்.

முதலில் செய்தவரைத் தனியாகப் பார்ப்போம். பாதிக்கப்பட்டவரை முதலில் கேட்டு, அவரும் மனதைத் தேற்றிக்கொண்டு சரி என்ற பிறகு எதிராளி மறுத்துவிட்டால் அது அவருக்கு இரண்டாவது அடி. செய்தவர் வழக்கமாக 'நடந்துபோச்சு' என்றுதான் தொடங்குவார். 'கை பட்டுடுச்சு', 'கத்தி பட்டுடுச்சு'. 'நான் குத்தினேன்' என்ற வாக்கியம் வாயிலிருந்து வரச் சில வாரம் ஆகும். அது வராமல் கூட்டத்துக்குத் தேதி குறிக்கக் கூடாது. பிறகு பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போவோம், அவர் சொல்லும் நேரத்துக்கு. என்ன கேட்க விரும்புகிறீர்கள், என்ன பதில் வந்தால் தாங்க முடியாது, யாரைத் துணைக்கு அழைத்து வருவீர்கள் என்று பேசுவோம். 'அவன் அழுதால் என்ன செய்வீர்கள்?' என்றும் கேட்போம். பலருக்கு அது பெரிய பயம். அழுதால் நான் மன்னித்தே ஆக வேண்டுமா என்று. வேண்டியதில்லை என்பதை அவர் நம்பும்வரை சொல்ல வேண்டும்.

அறையில் மேசை வைப்பதில்லை. நாற்காலிகள் வட்டமாக. கதவுக்குப் பக்கத்து நாற்காலி பாதிக்கப்பட்டவருக்கு, எழுந்து போக நினைத்தால் யாரையும் தாண்டிப் போகாமல் இருக்க. இரண்டு தரப்பும் வெவ்வேறு நேரத்தில் வர வேண்டும், வாசலில் மோதிக்கொள்ளக் கூடாது. கழிப்பறை எந்தப் பக்கம் என்பதுவரை யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் உதவியாளாக உட்கார்ந்த ஒரு கூட்டத்தில், வழிப்பறிக்கு ஆளான ஒரு பெரியவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'என் பையில் ஒரு மூக்குக் கண்ணாடி இருந்ததே, அதை என்ன செய்தாய்?' என்று கேட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பையன் தலையைக் குனிந்தபடி, 'சாக்கடையில போட்டேன்' என்றான். பெரியவர் தலையசைத்தார். அந்தக் கண்ணாடி இல்லாமல் தான் மூன்று வாரம் மாத்திரை அட்டையைப் படிக்க முடியாமல் இருந்ததைச் சொன்னார். பையன் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தான். எந்தக் குற்றப் பத்திரிகையிலும் அந்த மூக்குக் கண்ணாடி இருந்திருக்காது.

லண்டனில் வழிப்பறி, வீடு புகுந்து திருட்டு ஆகியவற்றுக்கு ஆளானவர்களிடம் நடந்த ஆய்வில், இப்படிச் சந்தித்தவர்களுக்கு அதிர்ச்சியின் பின்விளைவுகள் குறைவாக இருந்ததாகத் தெரிந்தது. பிரிட்டன் திட்டங்களை மதிப்பிட்ட ஜோவன்னா ஷாப்லண்ட் குழு, சந்திப்பில் கலந்துகொண்ட பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் பேர் திருப்தி தெரிவித்ததைப் பதிவு செய்தது. மறுகுற்ற எண்ணை விட்டுவிட்டு இந்த எண்ணுக்காகவே திட்டத்தை நடத்தலாம் என்பேன்.

பிப்ரவரி 25

சரி, அரசு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் குறையை மட்டும் அடுக்குகிறேன் என்ற புகாருக்கு.

நார்வே 1991ல் சமரசச் சேவைக்கென்றே தனிச் சட்டம் போட்டது. நாடு முழுக்க இலவசம். நடத்துபவர்கள் அந்தந்தப் பகுதியில் வாழும் சாதாரண மக்கள், பயிற்சி பெற்றவர்கள். இதைச் சிறைத்துறையின் மிச்சப்படுத்தும் பிரிவாக வைக்காமல், பள்ளிக்கூடம், மருத்துவமனை போல ஒரு பொதுச் சேவையாக வைத்தார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரிடமும், குற்றம் பெரிதோ சிறிதோ, 'சந்திக்க விருப்பமா?' என்று கேட்கப்பட வேண்டும். வழக்குத் தொடங்கும்போது ஒரு தடவை, தண்டனைக்குப் பிறகு ஒரு தடவை, குற்றவாளி வெளியே வரும்முன் ஒரு தடவை. நஷ்டஈட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, செய்தவரிடம் தவணையில் வசூலிக்கட்டும். இருபது வயதுப் பையன் சம்பளம் வாங்கும்வரை முறிந்த கை காத்திருக்க முடியாது.

சிறை குறையுமா? குறையும் என்றுதான் நம்புகிறேன், மெதுவாக. பிளாக் பூட்டப்படும் நாளில் அந்தப் பணத்தை நிதித்துறை எடுத்துக்கொள்ளாமல், இந்தச் சேவைக்கே திருப்பும்படி சட்டத்தில் எழுதி வைக்க வேண்டும்.

பிப்ரவரி 26

'மறுபடி குற்றம் செய்தால் அந்தக் கூட்டம் தோல்விதானே?' இல்லை. மூக்குக் கண்ணாடியைப் பற்றிக் கேட்ட அந்தப் பெரியவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதை யாரும் திரும்ப எடுக்க முடியாது.

மார்ச் 2

கடைசியாக வந்த கேள்வி, ஒரு தந்தையிடமிருந்து. மகளுக்கு நடந்த விபத்து, ஓட்டியவர் சந்திக்கக் கேட்கிறார், இவருக்கு விருப்பமில்லை. மறுத்தால் கல்மனம் என்பார்களோ என்று கேட்கிறார்.

ஐயா, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் சொல்லத் தேவையில்லை, முறையாக நடத்துபவர் காரணம் கேட்கவும் மாட்டார். வழக்கு அதன் பாதையில் போகும். உங்கள் மறுப்பால் அவருடைய தண்டனை கூடவும் கூடாது. சந்திக்காமல் கேள்வி மட்டும் கேட்க நினைத்தால், நடத்துபவர் வழியாக எழுதிக் கேட்கலாம், பதிலும் எழுத்தில் வரும். அவர் எழுதித் தரும் கடிதத்தைப் பிரிக்காமல் உங்களுக்காகப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லலாம். ஒரு வருஷம் கழித்தோ பத்து வருஷம் கழித்தோ கேட்டாலும் கொடுப்பார்கள். கேட்காமலே இருந்தாலும் சரி. உங்கள் மனைவியின் முடிவு வேறாக இருக்கலாம், அவரைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒரே பதில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.